"சர்வர் டவுனுக்குப் போயிட்டாரா?" - கம்ப்யூட்டர் அடிக்கும் கூத்து!

ரெட்டியார்சத்திரம்:

பட்டா நகல் வாங்க இ-சேவை மையத்துக்கு வந்தார் ஒரு பெரியவர். "சர்வர் டவுன் தாத்தா, அப்புறமா வாங்க" என்றார் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண். பெரியவர் விடவில்லை. "டவுனுக்கா? எந்த பஸ்ல திரும்புவாரு தாயி?"

ஜோக்குதான். ஆனால் பெரியவர் மேல் என்ன தப்பு? பழனி ரோட்டில் இருக்கும் இந்த ஊருக்கு டவுன் என்றால் திண்டுக்கல். சர்வர் என்றால் ஓட்டலில் இட்லி கொண்டு வருகிறவர்!

கம்ப்யூட்டர் பேசும் பாஷை எப்போதுமே இப்படித்தான். விண்டோஸ் 95, 98 காலத்தில் கடிதம் அடித்துக் கொண்டிருக்கும்போதே திரையில் ஒரு பெட்டி குதிக்கும். "இந்த புரோகிராம் சட்டவிரோத காரியம் செய்துவிட்டது, மூடப்படும்" என்று ஆங்கிலத்தில் மிரட்டும். எஃப்.ஐ.ஆர். இல்லை, சாட்சி இல்லை, நேராகத் தண்டனை! புரோகிராமுக்கு உள்ளே நடந்த ஏதோ ஒரு கோளாறுக்கு, போலீஸ் வருமோ என்று பயந்தது என்னவோ அடித்தவர்தான்.

அதற்கும் முந்திய டாஸ் காலத்தில் பிளாப்பி கெட்டுப்போனால் "ஜெனரல் ஃபெயிலியர்" என்று வரும். பொதுவான கோளாறு என்று அர்த்தம். "யாருய்யா அந்த ஜெனரல்? எந்த நாட்டுப் பட்டாளம்? என் பிளாப்பியை ஏன் படிக்கிறார்?" என்று உலகம் பூராவும் கிண்டல் பண்ணினார்கள்.

கீபோர்டு இல்லை, கீயை அமுக்கு!

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது இது. "கீபோர்டு காணவில்லை. தொடர எஃப்-1 கீயை அமுக்கவும்." காணாமல் போன கீபோர்டில் எதை அமுக்குவது? எந்தக் கோளாறு வந்தாலும் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் பொது வாசகம் அந்த இரண்டாவது வரி. கீபோர்டுக்கும் அதையே ஒட்டிவிட்டார்கள்!

லினக்ஸும் லேசுப்பட்டது அல்ல. பிரிண்டரில் பேப்பரும் இருக்கிறது, இணைப்பும் இருக்கிறது, ஆனாலும் கோளாறு என்றால் "பிரிண்டர் தீப்பிடித்து எரிகிறது" என்று சொல்லும். ஃபயர் சர்வீசைக் கூப்பிட்டால் அவர்கள் நம்மைத்தான் திட்டுவார்கள்.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு 2011-ல் இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸும் உள்ளே வந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய சரக்கு. "பையன் பரீட்சையில பாஸா?" என்று கேட்டால், "இல்லீங்க, லேப்டாப்புலதான் பாஸ்!"

பெரிய இடத்தையும் கம்ப்யூட்டர் விட்டு வைக்கவில்லை. 1998 ஏப்ரல் 20-ந் தேதி சிகாகோ கண்காட்சியில், பில்கேட்ஸ் மேடையில் நிற்கும்போதே விண்டோஸ் 98 நீலத்திரை காட்டிப் படுத்துவிட்டது. கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. 2024 ஜூலை 19-ந் தேதி வந்த நீலத்திரைக்கு யாரும் சிரிக்கவில்லை. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு கம்பெனி அனுப்பிய ஒரு தப்பான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் முடங்கின. சென்னை விமான நிலையத்தில் போர்டிங் பாசைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள்!

ஒரு நாள் கூலி போச்சு

அவர்களுக்காவது பேனா கை கொடுத்தது. ரேஷன் கடை மெஷினில் "கைரேகை பொருந்தவில்லை" என்று வந்தால், காட்டில் களை எடுத்து ரேகை தேய்ந்த பாட்டி என்ன செய்வார்? நாலு தடவை விரலைப் புடவையில் துடைத்துத் துடைத்து வைக்கிறார். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுக்கிறார்கள். இன்னொரு நாள் வர வேண்டுமானால் கூலி போச்சு, பஸ் காசும் போச்சு.

பாட்டிக்குத் தெரிய வேண்டியது ரெண்டே ரெண்டு. என்ன கோளாறு? எப்போது வரலாம்? இதை ஒரு சிலேட்டில் தமிழில் எழுதி வாசலில் மாட்ட எந்த சர்வரும் வேண்டாம். ரேகை விழாதவர்களுக்குக் கருவிழி பார்க்கும் மெஷினும் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளுக்கு வந்திருக்கிறது. விரல் கைவிட்டால், திரும்பி நடக்கும் முன் அது இருக்கிறதா என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.