கற்பிக்கும் கலை – 12: இரண்டு மணிக்குள் ஒரு செய்தி

பிரிட்டனின் பிபிசி நிறுவனம் 2007 மார்ச்சில் ‘ஸ்கூல் ரிப்போர்ட்’ திட்டத்தின் முதல் செய்தி நாளை நடத்தியது. 11 முதல் 14 வயது வரையிலான மாணவர்கள் தங்கள் பள்ளியிலேயே செய்தி சேகரித்து, எழுதி, படம் பிடித்து, தொகுத்து, பிற்பகல் 2 மணிக்குள் வெளியிட்டுவிட வேண்டும் என்பது ஏற்பாடு. செய்திகள் பள்ளியின் இணையதளத்தில் ஏறும். அங்கே செல்வதற்கான இணைப்பை பிபிசி தன் தளத்தில் கொடுக்கும். சில ஆண்டுகளில் ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகள் இதில் சேர்ந்தன. 2018-இல் திட்டத்தின் பெயர் ‘யங் ரிப்போர்ட்டர்’ என மாறியது. 18 வயது வரையிலானவர்களுக்கும் கதவு திறந்தது. அமெரிக்காவில் பிபிஎஸ் தொலைக்காட்சியின் ‘நியூஸ் அவர்’ நிகழ்ச்சி 2009-இல் ‘ஸ்டூடண்ட் ரிப்போர்ட்டிங் லேப்ஸ்’ என்ற பெயரில் இதற்கு நெருக்கமான முயற்சியைத் தொடங்கியது.

இந்தத் திட்டங்களில் சேரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பிற்காலத்தில் பத்திரிகையாளர் ஆகப்போவதில்லை. ஆனாலும் ஆசிரியர்கள் இதற்கு வகுப்பு நேரத்தை ஒதுக்குகிறார்கள். மொழி, குழு வேலை, ஊடக அறிவு ஆகிய மூன்றும் வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள். நான்காவது காரணமான படைப்பாற்றல்தான் முதல் பார்வைக்குப் பொருந்தாததுபோல் தெரியும். கதை எழுதும்போது பிள்ளை எதை வேண்டுமானாலும் கற்பனை செய்யலாம். செய்தியில் ஒரு பெயரைக்கூட இட்டுக்கட்டக் கூடாது. கற்பனைக்கு இடமே இல்லாத வேலையில் படைப்பாற்றல் எப்படி வளரும்?

எது படைப்பாற்றல்?

1999-இல் பிரிட்டன் அரசு அமைத்த கல்விக் குழு ஒன்று, கென் ராபின்சன் தலைமையில் ‘ஆல் அவர் ஃபியூச்சர்ஸ்’ என்ற அறிக்கையை வெளியிட்டது. படைப்பாற்றலுக்கு நான்கு கூறுகளை அது வகுத்தது: கற்பனை, நோக்கம், புதுமை, மதிப்பு. கற்பனையும் புதுமையும் எல்லோருக்கும் உடனே நினைவுக்கு வருபவை. மற்ற இரண்டும் வகுப்பறையில் எளிதாக விட்டுப்போகின்றன. ‘உனக்குத் தோன்றியதை எழுது’ என்று வெள்ளைத் தாளைக் கொடுத்தால் 12 வயதுப் பிள்ளை திகைத்துப்போவது இதனால்தான். யாருக்காக எழுதுகிறோம், எதற்காக எழுதுகிறோம் என்று அதற்குத் தெரியாது.

செய்தி வேலையில் நோக்கமும் மதிப்பும் முன்கூட்டியே வந்துவிடுகின்றன. பார்ப்பவர்கள் யாரென்று தெரியும், நேரம் குறித்தாகிவிட்டது, நீளத்துக்கு அளவுண்டு, சொல்வது உண்மையாக இருந்தாக வேண்டும். இவ்வளவு கட்டுகளுக்குள் பிள்ளை தேட வேண்டியது ஒன்றே ஒன்று: உள்ளதை மாற்றாமல், கேட்பவர் மனத்தில் பதியும்படி சொல்லும் வழி. எந்தக் கேள்வியைக் கேட்பது, எதை முதலில் வைப்பது, எதை வெட்டுவது, எந்தப் படத்தைக் காட்டுவது என ஒவ்வொரு முடிவிலும் அதன் கற்பனை வேலை செய்கிறது.

15 வயது மாணவர்களைப் பல நாடுகளில் சோதிக்கும் ‘பீசா’ தேர்வு, 2022 சுற்றில் படைப்புச் சிந்தனையையும் அளந்தது. முடிவுகள் 2024-இல் வெளியாயின. 60-க்கு 41 புள்ளிகளுடன் சிங்கப்பூர் முதலிடம் பெற்றது. அந்தத் தேர்வு மூன்று திறன்களைப் பார்த்தது: பலவிதமான யோசனைகளைத் தருவது, புதிய யோசனையைத் தருவது, ஒரு யோசனையைச் சீர்தூக்கி மேம்படுத்துவது. எந்தச் செய்தி அறையிலும் காலைக் கூட்டம் முதல் ஒளிபரப்பு வரை நடப்பதும் இந்த மூன்றுதான்.

முன்னோடிகள்

பிள்ளைகளின் கையில் செய்தியைக் கொடுக்கும் யோசனை தொலைக்காட்சியைவிட மூத்தது. முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்ட செலஸ்தின் ஃபிரெனே, பிரான்ஸின் பார்-சூர்-லூ கிராமத்தில் ஆசிரியராக இருந்தார். வகுப்பில் நெடுநேரம் பேச அவரால் முடியாது. 1924-இல் அவர் ஒரு சிறிய அச்சு இயந்திரத்தை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். பிள்ளைகள் ஊருக்குள் நடந்து பார்த்துவந்ததை எழுதி, தாங்களே எழுத்துக் கோத்து அச்சிட்டார்கள்; அச்சான தாள்களை வேறு ஊர்ப் பள்ளிகளோடு பரிமாறிக்கொண்டார்கள். முன்பின் தெரியாத ஒரு வாசகர் கிடைத்தவுடன் எழுத்தில் கவனம் கூடியது.

1926-இல் வார்சாவில் மருத்துவரும் கல்வியாளருமான யானுஷ் கோர்ச்சாக், ‘மாவி பிஷெக்லோந்த்’ என்ற சிறுவர் செய்தி இதழைத் தொடங்கினார். ஒரு நாளிதழின் வார இணைப்பாக வந்த அதை நிரப்பியது பிள்ளைகள் அனுப்பிய செய்திகளும் கடிதங்களும்தான். 1939 செப்டம்பர் 1-ஆம் தேதி, போலந்தின் மீது ஜெர்மனி படையெடுத்த அன்று, அதன் கடைசி இதழ் வந்தது.

ஆறு பாடங்கள்

ஸ்கூல் ரிப்போர்ட் திட்டம் ஆசிரியர்களுக்காக ஆறு படிகளை வகுத்திருந்தது: செய்தியைக் கண்டுபிடித்தல், சேகரித்தல், எழுதுதல், தொகுத்தல், ஒளிபரப்புக்குத் தயாராதல், இறுதியாகச் செய்தி நாள். படைப்பாற்றல் ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு விதமாகப் பயிற்சி பெறுகிறது.

முதல் படியில் பிள்ளைகள் வழக்கமாகச் சொல்வது கால்பந்து, திரை நட்சத்திரங்கள், நேற்றைய தலைப்புச் செய்தி. அவற்றைக் குறைகூறத் தேவையில்லை. ‘தொலைக்காட்சிக்குத் தெரியாத எது உங்களுக்குத் தெரியும்?’ என்று ஆசிரியர் கேட்டால் போதும், பட்டியல் மாறிவிடும். பள்ளி வாசலில் வேகமாகப் போகும் வண்டிகள், மூடப்படவிருக்கும் ஊர் நூலகம், பேருந்து கிடைக்காத மாலைகள் என்று பேச்சு திரும்பும். எந்த யோசனையையும் உடனே தள்ளாமல் முதலில் எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதுவதும், தேர்வைப் பிறகு வைத்துக்கொள்வதும் இந்தப் படியின் விதிகள்.

இரண்டாம் படி கேள்விக் கலை. யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறும் அடிப்படை. ஆம், இல்லை என்ற பதிலோடு முடிந்துவிடும் கேள்விக்கும், ஒருவரைப் பேசவைக்கும் கேள்விக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பேட்டி கண்டு பழகுகிறார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சரிபார்க்கும் வழக்கமும் இங்கேயே தொடங்குகிறது.

மூன்றாம் படியில் கடிகாரம் உள்ளே வருகிறது. ஆங்கிலச் செய்தி வாசிப்புக்கு நொடிக்கு மூன்று சொல் என்பது பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப்படும் கணக்கு. 20 நொடிச் செய்திக்கு 60 சொற்கள். தமிழில் சொற்கள் நீளமானவை என்பதால் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஒரு பத்தியை உரக்கப் படித்து நேரம் பார்த்து, வகுப்பே தன் அளவைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். 100 சொல்லை 60 ஆக்கும் வேலையில்தான் எது சாரம், எது சக்கை என்பது பிள்ளைக்குத் தெரியவருகிறது.

ஒரு செய்தி உருவாகும் விதம்

பள்ளி உணவுக்கூடத்தில் வீணாகும் உணவு பற்றி நான்கு பேர் கொண்ட குழு ஒன்று செய்தி தயாரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வரைவு ஏறக்குறைய இப்படி இருக்கும்: “எங்கள் பள்ளியில் நிறைய உணவு வீணாகிறது. இது மிகவும் தவறு. யாரும் உணவை வீணாக்கக் கூடாது.”

இதில் செய்தி இல்லை, அறிவுரைதான் இருக்கிறது. குழுவில் செய்தி ஆசிரியர் பொறுப்பில் இருக்கும் மாணவி இரண்டு கேள்விகளைக் கேட்கிறாள்: நிறைய என்றால் எவ்வளவு? தவறு என்று சொல்வது யார்? பதில் யாரிடமும் இல்லை. குழு சமையலறையில் ஒரு தராசை இரவல் வாங்கி, ஒரு வாரம் மீந்த உணவை நிறுத்துப்பார்க்கிறது. செவ்வாய்க்கிழமை 14 கிலோ வருகிறது; பிரிட்டன் பள்ளிகளில் வழக்கமாக மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் போடும் வெள்ளிக்கிழமை 5 கிலோ. இப்போது செய்தி கிடைத்துவிட்டது, அதோடு ஒரு புதிரும்.

அடுத்து சமையலரிடம் பேட்டி எடுக்க வேண்டும். ‘உணவு வீணாவது வருத்தமாக இருக்கிறதா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்பதற்கு மேல் எதுவும் வராது. ‘தட்டுகள் திரும்பி வரும்போது முதலில் எதைப் பார்ப்பீர்கள்?’ என்று கேட்டால் அவர் பேசத் தொடங்குவார்: எந்தக் காய் அப்படியே வருகிறது, எந்த வகுப்பு அவசரமாகச் சாப்பிட்டு ஓடுகிறது, மதிய இடைவேளை எவ்வளவு குறைவு. வீணாவதற்குக் காரணம் ருசி மட்டுமல்ல, நேரமும்தான் என்ற புதிய கோணம் அங்கேதான் பிறக்கிறது.

படத்துக்கு முதலில் தோன்றுவது குப்பைத்தொட்டி. ‘அதைத் தவிர மூன்று காட்சிகள் சொல்’ என்பது ஒளிப்பதிவு செய்யும் மாணவனுக்கு விதி. தராசின் முள், தட்டில் தொடாமல் கிடக்கும் காய், மணி அடித்ததும் எழுந்து ஓடும் கால்கள் என்று அவன் யோசிக்கிறான். கடைசி வடிவத்தின் முதல் வரிகள் இப்படி மாறுகின்றன: “செவ்வாய் மதியம் நம் உணவுக்கூடத்தில் மீந்தது 14 கிலோ. வெள்ளி மதியம் 5 கிலோ. இடையில் மாறியது என்ன?”

தொகுப்பு மேசையில் இன்னொரு பாடம் காத்திருக்கிறது. சமையலர் ‘பிள்ளைகள் வீணடிக்கிறார்கள், ஆனால் அவர்களுக்குச் சாப்பிட நேரமே இல்லை’ என்று சொல்லியிருப்பார். முதல் பாதியோடு வெட்டினால் அவர் பிள்ளைகளைக் குற்றம் சாட்டுவதாக ஆகிவிடும். ஒரே பதிவை வைத்து இரண்டு விதமாகத் தொகுத்து வகுப்புக்குக் காட்டினால் போதும். தாம் அன்றாடம் பார்க்கும் காணொளிகள் எப்படி வெட்டப்பட்டிருக்கும் என்று பிள்ளைகள் அவர்களாகவே யோசிக்கத் தொடங்குவார்கள். பொய்ச் செய்தியை இனங்காணச் சொல்லித்தர பிபிசி 2018-இல் ‘ஐரிப்போர்ட்டர்’ என்ற கணினி விளையாட்டை வெளியிட்டது. அதில் விளையாடுபவரே செய்தி அறையில் பணியாற்றும் நிருபர். எதை நம்பி வெளியிடுவது என்ற முடிவை அவரே எடுக்க வேண்டும்.

யாருக்கு எந்த வேலை?

செய்தி நாளன்று குழுவில் செய்தி ஆசிரியர், செய்தியாளர், ஒளிப்பதிவாளர், தொகுப்பாளர், வாசிப்பாளர், நேரம் பார்ப்பவர் என்ற பொறுப்புகள் தேவை. கேமரா முன் அமரத் தயங்கும் பிள்ளை தொகுப்பில் கெட்டிக்காரராக இருக்கலாம். எழுத்து வராத பிள்ளை அருமையாகப் பேட்டி எடுக்கலாம். பேச்சுப் போட்டியில் எப்போதும் பரிசு வாங்கும் இரண்டு பேரே வாசிப்பாளர் நாற்காலியைப் பிடித்துக்கொள்வது இந்தத் திட்டங்களின் பொதுவான குறை. ஒவ்வொரு பதிப்புக்கும் பொறுப்புகளை மாற்றினால் அது தீரும்.

கருவிகளுக்குப் பெரிய செலவு தேவையில்லை. ஒரு கைபேசியும் இலவசத் தொகுப்பு மென்பொருளும் போதும். படம் சுமாராக இருந்தாலும் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். குரல் கேட்காவிட்டால் பொறுக்க மாட்டார்கள். ஆகவே மைக்கைப் பேசுபவரின் அருகில் வைப்பதும், மின்விசிறியை நிறுத்துவதும் முதலில் கற்க வேண்டியவை. படத்தில் வரும் பிள்ளைகளின் பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குவதும், முழுப் பெயரும் முகவரியும் வெளியே போகாமல் பார்ப்பதும் பள்ளியின் கடமை.

மிகப் பெரிய தடை பாவனை. தொலைக்காட்சி வாசிப்பாளரின் ஏற்ற இறக்கத்தையும் பரபரப்பையும் பிள்ளைகள் நொடியில் பிடித்துக்கொள்வார்கள். எழுதியதைப் பாட்டியிடமோ தம்பியிடமோ வாயால் சொல்லிக் காட்டிவிட்டு, பிறகு கேமரா முன் வரச் சொல்வது அதற்கு நல்ல மருந்து.

அடுத்த தடை பெரியவர்களின் கத்திரிக்கோல். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஹேசல்வுட் ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளியின் மாணவர் இதழில், பதின்வயதுக் கர்ப்பம் பற்றியும் பெற்றோரின் மணமுறிவு பற்றியும் வந்திருக்க வேண்டிய கட்டுரைகளை 1983-இல் தலைமையாசிரியர் நீக்கினார். மாணவர்கள் வழக்குத் தொடர்ந்தனர். கல்வி சார்ந்த நியாயமான காரணம் இருந்தால் பள்ளி தன் செலவில் நடத்தும் இதழைக் கட்டுப்படுத்தலாம் என்று 1988-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் அனுமதித்தாலும், பள்ளியைப் புகழும் செய்தி மட்டுமே வெளிவரும் என்று தெரிந்துவிட்டால் பிள்ளை கேள்வி கேட்பதை நிறுத்திவிடும். எது கூடாது, ஏன் கூடாது என்பதைத் தொடக்கத்திலேயே பேசி எழுதிவைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

எப்படி மதிப்பிடுவது?

பளபளப்பான காணொளிக்கு அதிக மதிப்பெண் கொடுத்தால் நல்ல கைபேசி வைத்திருக்கும் குழுதான் வெல்லும். முதல் வரைவையும் கடைசி வடிவத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே நியாயமான வழி. எத்தனை கோணங்களை யோசித்தார்கள், எதை ஏன் விட்டார்கள், யாருடைய யோசனையை ஏற்று எதை மாற்றினார்கள் என்று குழுவே ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். 2 மணிக்குள் முடித்ததற்கும் மதிப்பெண் உண்டு. குறித்த நேரத்தில் ஒரு வேலையைப் போதுமென்று நிறுத்தத் தெரிவதும் படைப்பாளிக்கு வேண்டிய திறன்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நாளிதழ்த் தலைப்புகளை மாணவர் வாசிக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. மேடை இருக்கிறது, கேட்பவர்கள் இருக்கிறார்கள், நேரமும் குறித்தே இருக்கிறது. வாரம் ஒரு நாள், அந்தத் தலைப்புகளோடு மாணவர்கள் தாங்களே விசாரித்து, சரிபார்த்து எழுதிய ஒரு செய்தியையும் வாசிக்கச் சொல்லலாம். கேமரா பிறகு வரட்டும்; தொடங்குவதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

(தொடரும்)