புல்தரையும் போராடிப் பெற்றதே!

விளையாட்டைப் பற்றி எழுதப் போகிறோம். "கூலி, வேலை, விலைவாசி என்று ஆயிரம் பேச இருக்கையில், பூங்காவும் பந்துந்தானா இன்று கிடைத்தன?" என்று தோழர்கள் சிலர் முகம் சுளிக்கக் கூடும். முழுவதும் படித்துவிட்டுச் சுளிக்கட்டும். நாம் குறை சொல்ல மாட்டோம்.

இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் விக்டோரியா பூங்கா என்று ஒன்று உண்டு. 200 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பு. நமக்கு வெயில் என்றாலே பகை. நிழலைத் தேடி ஓடுகிறோம். அந்த ஊர்க்காரர்களுக்கோ மாலை நான்கு மணிக்கே இருண்டுவிடும் குளிர்காலம். அது கழிந்து, ஏப்ரல் பிறந்து, கதிரவன் முகம் காட்டும் முதற் பிற்பகலில் வீட்டுக்குள் யார் அடைந்து கிடப்பார்? சிறுவர்கள் பந்தை உதைக்கிறார்கள். தாய்மார் குழந்தைகளை புல்லில் உருளவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். குளத்திலே சிறு கப்பல்களை மிதக்கவிட்டு, நரைத்த தலைகளும் சிறுபிள்ளைபோலப் பார்த்து நிற்கின்றன. பொம்மைக் கப்பல் விடுவதற்கென்றே அங்கே 1904இல் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது என்றால் பாருங்களேன்!

அழகான காட்சிதான். ஆனால் நாம் கேட்பது வேறு. அந்த இடமும், அந்தப் பிற்பகலும் தொழிலாளிக்கு எப்படிக் கிடைத்தன?

முதலில் இடம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனின் மேற்கே அரசர்களின் பூங்காக்கள் இருந்தன. பிரபுக்கள் குதிரையேறி உலாவினார்கள். கிழக்கே கப்பல்துறைக் கூலிகளும், பட்டு நெய்வோரும், தோல் பதனிடுவோரும் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். அவர்களுக்கு மூச்சுவிடத் திடல் இல்லை. இதை 1833இல் பாராளுமன்றக் குழு ஒன்றே ஒப்புக்கொண்டது. 1839இல் வில்லியம் பார் என்ற புள்ளிவிவர அறிஞர், கிழக்கே ஒரு பூங்கா அமைந்தால் ஆண்டுதோறும் பல ஆயிரம் சாவுகள் குறையும் என்று எழுதினார். கிழக்கே பிறக்கும் கொள்ளைநோய் கிழக்கோடு நிற்காது, மேற்கேயும் வரும் என்றும் எச்சரித்தார். நோய்க்குப் பணக்காரன் வீதி, பாட்டாளி வீதி என்ற வேறுபாடு தெரியாதல்லவா!

அறிக்கை வந்ததும் பூங்கா வந்துவிட்டதா? இல்லை. 1840இல் 30,000 பேர் கையெழுத்திட்ட விண்ணப்பம் அரசியிடம் சென்றது. அதன் பிறகே 1841இல் சட்டம் வந்தது. அரசுக்குச் சொந்தமான மாளிகை ஒன்றை 72,000 பவுனுக்கு விற்று நிலம் வாங்கினார்கள். 1845இல் பூங்கா திறந்தது. ஒரு மாளிகை போயிற்று. ஊருக்கே ஒரு திடல் வந்தது. இலாபமா நட்டமா, நீங்களே கணக்குப் போடுங்கள்.

திறந்த மூன்றாம் ஆண்டிலேயே, 1848இல், வாக்குரிமை கேட்ட சாசன இயக்கத்தார் அந்தப் பூங்காவை ஒட்டிய வெளியில் கூடினார்கள். அரசு போலீசை நிறுத்தியது. 1866 ஜூலையில் மேற்கே ஹைடு பூங்காவில் வாக்குரிமைக் கூட்டம் நடத்த மக்கள் சென்றபோது வாயிற்கதவுகள் அடைக்கப்பட்டிருந்தன. மக்கள் இரும்புக் கம்பிவேலியைச் சாய்த்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். மறு ஆண்டே, நகரத் தொழிலாளரில் பெரும் பகுதியினருக்கு வாக்குரிமை தந்த சட்டம் நிறைவேறியது. பிள்ளை விளையாடும் புல்தரையும், பெரியவன் உரிமை பேசும் மேடையும் ஒன்றே என்பதை ஆள்வோர் நன்றாக அறிந்திருந்தார்கள். நாமும் அறிய வேண்டாமா?

அடுத்தது நேரம். வாயிலில் பூங்கா இருந்தென்ன? விடியுமுன் ஆலைக்குள் போய், இருட்டிய பின் வெளியே வருகிறவனுக்கு அது இருந்தும் இல்லாததே. 1850இல் வந்த ஆலைச் சட்டம், நூற்பு நெசவு ஆலைகளில் பெண்களுக்கும் இளையோருக்கும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு வேலையை முடித்தது. சனிக்கிழமைப் பிற்பகல் என்ற ஒன்று தொழிலாளியின் வாழ்வில் அப்படித்தான் நுழைந்தது. அந்நாட்டின் சனிக்கிழமைக் கால்பந்தாட்டம் வளர்ந்ததும் அந்த ஓய்வில்தான். 1871இல் வந்த விடுமுறைச் சட்டம் ஈஸ்டர் திங்களைப் பொது விடுமுறை ஆக்கியது. இளவேனிலில் ஒரு நாள் முழுதும் கைக்கு வந்தது.

விக்டோரியா பூங்காவில் பேசியவர்களுள் அன்னி பெசண்ட் அம்மையார் ஒருவர். பூங்காவுக்கு அருகேயுள்ள போ பகுதித் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் துயரத்தை 1888இல் எழுதி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் அவரே. அந்த அம்மையார்தாம் பின்னர் நம் அடையாற்றில் வந்து வாழ்ந்தார். அவரோடு பணியாற்றிய பி.பி. வாடியா, 1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்க்காகத் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் முதல் தலைவரானார், திரு.வி.க.வும் உடன் நின்றார். அந்தத் தொழிலாளர் சொன்ன முதற் குறைகளுள் ஒன்று என்ன தெரியுமா? நண்பகல் இடைவேளை உண்ணக்கூடப் போதவில்லை என்பது. அங்கும் இங்கும் கேட்டது ஒன்றுதான்: எங்கள் பொழுதில் கொஞ்சம் எங்களுக்குக் கொடு!

பெற்றுவிட்டோம், இனிக் கவலையில்லை என்று உறங்கிவிடலாமா? 2020 மார்ச்சில், கொரோனாத் தொற்றைக் காரணம் காட்டி விக்டோரியா பூங்காவின் கதவுகள் பூட்டப்பட்டன. தோட்டத்தோடு வீடு வைத்திருப்பவனுக்கு அதனால் என்ன? அடுக்குமாடியின் சிற்றறையில் அடைபட்டவனுக்கல்லவா இளவேனில் பறிபோயிற்று! ஏப்ரலில் மீண்டும் திறந்தார்கள். அதே பூங்காவில் ஒரு பகுதியை வேலியிட்டு, சீட்டு விற்று இசைவிழா நடத்துகிறார்கள். இசை நமக்குப் பகையன்று. ஆனால் நகராட்சியின் கஜானா காலியாகும்போதெல்லாம் பொதுத் திடலுக்குத்தான் வேலி வரும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்க் கதையையும் சொல்லிவிடுகிறோம். 1859இல் சென்னைக்கு ஆளுநராக வந்த டிரெவெலியன், நூறு ஏக்கருக்கு மேல் ஒரு பூங்கா அமைத்து 'மக்கள் பூங்கா' என்று பெயர் சூட்டினார். மக்கள் விண்ணப்பம் போட்டுப் பெற்றதன்று. மேலிருந்து இறங்கிய பரிசு. என்ன ஆயிற்று? ஒரு பக்கம் மூர் மார்க்கெட் வந்தது. 1913இல் ரிப்பன் மாளிகை எழுந்தது. விளையாட்டரங்கம் வந்தது. அங்கிருந்த விலங்குக் காட்சிசாலை 1985இல் வண்டலூருக்குப் போயிற்று. கட்டடங்கள் வேண்டாதவை என்று நாம் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் வந்தபோது, "எங்கள் பூங்காவாயிற்றே!" என்று கேட்க 30,000 கையெழுத்து எழவில்லை என்றுதான் சொல்கிறோம். இன்றும் மின்சார ரயில் 'பார்க்' நிலையத்தில் நிற்கிறது. இறங்கிப் பாருங்கள், பார்க் எங்கே?

ஆகவே தோழர்களே, உங்கள் வட்டத்தில் பிள்ளைகள் ஓடியாடும் திடல் எது, அது யார் பெயரில் இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள், ஆலைவிட்டு வருகிறவன் தன் பிள்ளையோடு அங்கே போக முடிகிறதா என்று இந்த வாரமே கேட்டறியுங்கள். மாமன்ற உறுப்பினரிடம் எழுத்தில் கொடுங்கள். பதில் வராவிட்டால் கையெழுத்துத் திரட்டுங்கள். கூலி உயர்வுக் கோரிக்கையின் கீழே, பிள்ளைகளின் விளையாட்டுத் திடலும் ஒரு வரியாக இருக்கட்டும்.