பிறெற் வாள் வேலை: ஓய்வுக்கு ஏற்ற ஒரு கைப்பணி

கல்லூரிப் பருவத்திலே மரவேலைக் கூடத்திற் சீவுளியும் மூலைமட்டமும் பிடித்த கைகள், உத்தியோகம் ஏற்றபின் பேனையையன்றிப் பிறிதொன்றையும் பிடியாது போதல் நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. இளைப்பாறிய பின்னர் அக்கைகளுக்கு மீண்டும் ஒரு வேலை கொடுக்க விரும்பும் பழைய மாணவர் பலர் பிறெற் வாளை நாடுகின்றனர். இடம் அதிகம் வேண்டாம். விறாந்தையின் ஒரு மூலை போதும். ஆயினும், விலை கொடுத்து வாங்கிய யந்திரம் ஆறு திங்களுள் சாக்குப் போர்த்துக் கிடப்பதையும் நாம் பல வீடுகளிற் காண்கின்றோம். கைத்திறன் இன்மை அதற்குக் காரணமன்று. மெல்லிய வாளின் இயல்பை அறியாது தொடங்குவதே காரணம். அவ்வியல்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பலகையின் நடுவே துளையிட்டு, அத்துளை வழியே நூல் போன்ற வாளைச் செலுத்தி, வளைந்த கோடுகளை அறுத்தெடுப்பதே இவ்வேலை. இது பழமையானது. பிரான்சு நாட்டிலே பதினான்காம் லூயி மன்னருக்குத் தளபாடங்கள் செய்த அந்திரே சார்ள் பூல் (1642 - 1732), பித்தளைத் தகட்டையும் ஆமையோட்டையும் ஒன்றன்மேலொன்றாக அடுக்கி ஒரே வேளையில் அறுத்து, ஒன்றின் துண்டை மற்றதன் குழியிற் பதித்துப் புகழ்பெற்றார். 1760களில் இலண்டனில் ஜோன் ஸ்பில்ஸ்பெரி என்பார் தேசப்படத்தைப் பலகையில் ஒட்டி, நாடு நாடாக அறுத்து, சிறுவர் பூமிசாத்திரம் பயிலக் கொடுத்தார். இன்றைய படப்புதிர் விளையாட்டின் பிறப்பு அதுவே. நம் நாட்டிலே பழைய புகையிரத நிலையங்களின் கூரை விளிம்பில் தொங்கும் பூவேலைப் பலகைகளை அண்ணாந்து பார்த்தவர்க்கு இவ்வேலையைப் பற்றி வேறு அறிமுகம் வேண்டியதில்லை.

யந்திரம் வாங்குமுன் கைவாளிற் பழகுதல் நன்று என்பது எமது உறுதியான கருத்து. வில்போல் வளைந்த சட்டத்தில் 5 அங்குல வாளைப் பூட்டி, மேசை விளிம்பிலே முன்புறம் கவர் வெட்டிய ஒரு பலகையைத் திருகிப் பிணைத்து, அதன்மேல் வேலையை வைத்து அறுக்கலாம். வாளின் பற்கள் கீழ்நோக்கி இருத்தல் வேண்டும். கீழே இழுக்கும்போதே அது அறுக்கும். பற்களை மேல்நோக்கிப் பூட்டினால் பலகை துள்ளும், வாளும் முறியும். கைவாளில் ஒரு மாதம் பழகியவர் யந்திரத்தின் முன் அமர்ந்தால் பலகையை நெருக்கித் தள்ளார். வாள் கேட்கும் வேகத்திலே கொடுப்பார்.

யந்திரம் வாங்குவோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். சில யந்திரங்கள் இரு முனையிலும் குறுக்கே சிறு ஆணி பொருத்திய வாள்களை மட்டுமே ஏற்கும். அவ்வாணி புகப் பெரிய துளை வேண்டும். நுண்ணிய பூவேலைக்கு அது உதவாது. ஆணியில்லா வாளை ஏற்கும் யந்திரமே கொள்ளத்தக்கது. 16 அங்குல யந்திரம் என்று கடைக்காரர் கூறுவது வாளுக்கும் பின்சட்டத்துக்கும் இடையிலுள்ள தூரத்தையே. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதியிருப்பின் மிக நன்று.

வாள்களுக்கு எண்கள் உண்டு. எண் ஏற ஏற வாள் தடிக்கும், பற்களும் அகலும். எதனைத் தெரிவது என்று மயங்குவோர்க்கு ஒரு கணக்குப் போதும்: எந்நேரமும் மூன்று பற்களாயினும் மரத்தினுள் இருத்தல் வேண்டும். 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள பலகைக்கு அங்குலத்துக்கு 25 பற்கள் கொண்ட வாள் தகும். 6 மில்லிமீற்றர் பலகைக்கு 12 அல்லது 13 பற்கள் போதும். அதனினும் பற்கள் குறைந்தால் பலகையின் அடிப்புறம் சிம்பு கிளம்பும். தடித்த வன்மரத்துக்கு மிக நுண்ணிய பல்லைப் பூட்டினால் தூள் வெளியேற வழியின்றி மரம் கருகும்.

வாள் முறிவதற்குப் பெரும்பாலும் இழுவை போதாமையே காரணம். பூட்டிய வாளை விரல்நுனியாற் சுண்டினால் தந்தியைப் போலத் தெளிந்த ஓசை எழல் வேண்டும். மந்தமாக ஒலித்தால் இன்னும் இறுக்குக. மற்றொரு விசித்திரமும் உண்டு. உருக்குப் பட்டியிற் பல் வெட்டும்போது ஒருபுறம் மட்டும் நுண்ணிய பிசிர் நிற்பதால், வாள் நேரே போகாது பெரும்பாலும் வலப்புறம் ஒதுங்கும். புதியவர்கள் இதனைத் தம் கைப்பிழை என்று எண்ணி வாளோடு மல்லுக்கட்டுவர். அது வேண்டாம், பலகையைச் சற்றே திருப்பிச் சாய்வாகக் கொடுத்தால் வாள் கோட்டிலே செல்லும். எவ்வளவு திருப்புவது என்பதை வீண்பலகையில் ஒரு நேர்கோடு வரைந்து அறுத்துப் பார்த்தே அறியலாம்.

உட்புற வெட்டுக்களை முதலிலும், வெளிக்கோட்டை இறுதியிலும் அறுத்தல் முறை. வெளிக்கோட்டை முன்னரே அறுத்தவர்க்குப் பிடிக்க இடமிராது. துளையைக் கோட்டின்மேல் இடாது கழிவுப் பகுதியில் இடுக. அடியிலே வீண்பலகை ஒன்றை வைத்துத் துளையிட்டால் சிதறாது.

இனி, நம்மவர் பெரிதும் விரும்புவது வீட்டுப் பெயர்ப்பலகை. ஆங்கிலப் புத்தகங்களில் வரும் மாதிரிகளை வைத்துக்கொண்டு தமிழெழுத்தை அறுக்கப் புகுந்தால் இடர்ப்பட நேரும். நம் எழுத்தின் அமைப்பு வேறு. “இந்துக் கல்லூரி” என்று எழுதிப் பாருங்கள். ந், க், ல் என மூன்று புள்ளிகள் எழுத்தைத் தொடாது தனியே நிற்கின்றன. எழுத்துக்களை வேறாக அறுத்து எடுப்பதாயின் இம்மூன்றும் அரிசிமணி போல் எங்கோ தெறித்துவிடும். அவற்றை மெல்லிய காம்பினால் எழுத்தோடு இணைத்து வரைதல் ஒரு வழி. பின்பலகையில் ஒட்டுதல் மற்றொரு வழி. மாறாக, எழுத்தின் உருவைப் பலகையிலே துளையாக வெட்டுவதாயின், புள்ளிக்கு ஒரு துளை போதும். அப்போது வில்லங்கம் தருவன இ, க, ல முதலிய எழுத்துக்களின் சுழிகள். சுழியின் உள்ளே அடைபட்ட மரம் விழுந்துபோகும். அதற்குக் குறைந்தது 2 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு பாலம் விடுதல் வேண்டும். பாலத்தை எழுத்தின் ஓட்டத்தோடு ஒத்த இடத்தில் விடுபவரே கைதேர்ந்தவர்.

மரத்தின் நரம்போட்டமும் இங்கே பெரிதும் கவனிக்கத்தக்கது. நீளப்பலகையில் நரம்பு கிடையாக ஓடும். எழுத்தின் கால்களோ நெடுக்காக நிற்கும். எனவே கால் வரும் இடமெல்லாம் நரம்பு குறுக்கே அறுபட்டு, கை பட்டாலே ஒடியும். தனியெழுத்தாயின் நரம்பு மேலிருந்து கீழாக ஓடும்படி பலகையை வைத்து வரைக. ஒட்டுப்பலகையில் தாள்கள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் இத்தொல்லை குறைவு. முன்னாளில் தேயிலைப் பெட்டியின் மெல்லிய பலகையை இவ்வேலைக்காரர் தேடியதும் இதனாலேயே.

பூல் காட்டிய பதிப்பு வேலையை வீட்டிலும் செய்யலாம். இருநிற மரங்களை அடுக்கி நேராக அறுத்தால், வாள் தின்ற அளவு இடைவெளி நிற்கும். யந்திர மேசையைச் சற்றுச் சாய்த்து, துண்டு மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் வரும்படி அறுத்தால், மேற்பலகையின் துண்டு கீழ்ப்பலகையின் குழியில் இறுகி அமரும். 6 மில்லிமீற்றர் பலகைக்கு, வாள் வழி 0.3 மில்லிமீற்றராயின், சாய்வு ஏறக்குறைய 3 பாகை. தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே திசையிற் சுற்றி அறுத்தல் வேண்டும். இடையில் திசை மாறினால் சாய்வும் மாறிவிடும்.

மரங்களுள் பலா மஞ்சள் நிறத்தால் பதிப்புக்கு அழகு தரும். தேக்கு நன்றே, ஆயின் அதிலுள்ள மணற்சத்து வாளை விரைவில் மழுக்கும். பனஞ்சிலாகை கூரைக்கே உரியது. அதன் நார்கள் நுண்வேலையிற் பிய்ந்துவிடும். முதிரை பளபளப்பிற் சிறந்தது, ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் எரிவும் கொப்புளமும் உண்டாக்கும்.

தூளைப் பற்றி அழுத்தமாகவே கூறவேண்டியுள்ளது. வாள் விரலை வெட்டும் என்று அஞ்சுவோர் மூச்சோடு செல்லும் தூளுக்கு அஞ்சுவதில்லை. மரத்தூள் மூக்கிற் புற்றுநோய் விளைக்கும் என்பதை உலகப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுதியில் ஐயமின்றி உரைத்துள்ளது. பல்லாண்டு தொழில் செய்தோரைப் பற்றியதே அம்முடிபாயினும், இளைப்பாறிய வயதிலே நெஞ்சிரைப்பு உள்ளவர் பலர். முகமூடி அணிந்து, காற்றோட்டமுள்ள இடத்திலே அமர்ந்து, தூளை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே முறை. விறாந்தையில் விளையாடும் பேரப்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

அறுத்து முடிந்தபின் நுண் அரத்தாளால் நரம்போட்டத்தின் வழியே தேய்க்கலாம். துளைகளின் உட்புறத்துக்கு அரத்தாளை மடித்து, பழைய வாள் முறியில் ஒட்டி, ஊசிபோற் பயன்படுத்தலாம். வாணிசைத் தூரிகையாற் பூசினால் பூவேலையின் மூலைகளிலே தேங்கிக் கட்டிபடும். மெல்லியதாகக் கரைத்து, துணியில் ஒற்றி, இருமுறை பூசி, இடையே ஒரு நாள் உலரவிடுக.