பத்துப் பைசா நூலகம்

வீட்டு வரி ரசீது கைக்கு வந்ததும் மொத்தத் தொகையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, மடித்துப் பீரோவில் வைத்துவிடுகிறோம். அடுத்த முறை அதை ஒவ்வொரு வரியாகப் படித்துப் பாருங்கள். ‘நூலக வரி’ என்று ஓர் இனம் இருக்கும். சொத்து வரி ஒரு ரூபாய் என்றால் அதோடு பத்துப் பைசா. ஊராட்சியில் 100 ரூபாய் வீட்டு வரி உள்ளவர், கூடவே 10 ரூபாயை நூலகத்துக்காகக் கட்டுகிறார். பள்ளிக்கூடம் முடித்த பிறகு புத்தகத்தைக் கையால் தொடாதவரும் கட்டுகிறார். வாடகைக்குக் குடியிருப்பவர் தப்பித்தார் என்று எண்ண வேண்டாம். வீட்டுக்காரர் அதையும் சேர்த்துத்தான் வாடகை சொல்லியிருப்பார்.

தமிழ்நாட்டின் கிளை நூலகங்கள் இந்தப் பத்துப் பைசாவை நம்பி நடப்பவை. ஆனால் உள்ளே போய், “இந்தப் பத்திரிகை ஏன் வருவதில்லை?” என்று கேட்கப் பலரும் கூசுகிறார்கள். அரசாங்கம் ஏதோ சும்மா கொடுக்கிறது, கிடைத்தவரை லாபம் என்ற நினைப்பு. ரசீதைப் படித்தவருக்கு அந்தக் கூச்சம் வராது.

வரிப் பணத்தில் நூலகம் என்ற ஏற்பாட்டை இங்கிலாந்து 1850இல் சட்டமாக்கியது. வேடிக்கையான சட்டம் அது. பத்தாயிரம் பேருக்கு மேல் வாழும் நகரம், பவுனுக்கு அரைப் பென்னி வரி போட்டுக்கொள்ளலாம். அதற்கும் வாக்களிக்கும் வரிதாரர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும். வரும் பணத்தில் கட்டடம் கட்டலாம், ஆள் வைக்கலாம். புத்தகம் மட்டும் வாங்கக் கூடாது! புத்தகத்தை யாராவது தானமாகத் தருவார்கள் என்று நாடாளுமன்றத்தார் நம்பியிருந்தார்கள். ஐந்தாண்டு கழித்துத்தான் அந்த விலங்கு கழன்றது.

அந்த நாட்டு நூலகங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த சீர்காழிக்காரர் ஒருவர்தான் நம் ஊர்க் கதையைத் தொடங்கி வைத்தார். எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போய் உட்கார்ந்தவருக்குச் சில நாளிலேயே வேலை சலித்துவிட்டது. திரும்ப வகுப்பறைக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டார். லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்று அனுப்பி வைத்தார்கள். அங்கே அவர் கண்டது, ஊர்மக்களின் அன்றாட வாழ்க்கையில் கலந்துவிட்ட நூலகங்களை. குழந்தைக்கும் தொழிலாளிக்கும் அங்கே இடம் இருந்தது. திரும்பி வந்தவர் வகுப்பறைப் பேச்சையே எடுக்கவில்லை. 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவானது. 1930இல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டில் ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை முன்வைத்தார். அடுத்த ஆண்டு, மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளரின் முயற்சியில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக ஒரு நூலகம் போகத் தொடங்கியது. நூலகம் என்றால் கட்டடம் என்று நினைப்பவர்கள் அந்த வண்டியை ஒரு தடவை மனக்கண்ணில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

சட்டம் வருவதற்குச் சுதந்திரம் வரவேண்டியிருந்தது. தி.சு. அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் ஒரு மாநிலம் இயற்றிய முதல் நூலகச் சட்டம். நடைமுறைக்கு வந்தது 1950 ஏப்ரல் 1. 1896இல் திறக்கப்பட்ட எழும்பூர் கன்னிமாரா நூலகம் அன்றுதான் மாநில மைய நூலகம் ஆனது.

சட்டத்தின் சூட்சுமம் பணம் போகும் பாதையில் இருக்கிறது. ஊராட்சியும் நகராட்சியும் மாநகராட்சியும் நூலக வரியை வசூலிக்கின்றன. செலவு செய்யும் உரிமை அவற்றுக்குக் கிடையாது. வசூலான தொகையை மாவட்டத்தின் நூலக ஆணைக்குழுவிடம் கொடுத்துவிட வேண்டும். சாலைக்கும் சாக்கடைக்கும் பணம் போதாத ஊராட்சித் தலைவர், நூலகக் காசை அங்கே திருப்பிவிடாமல் இருக்கப் போட்ட பூட்டு இது. மாவட்டத்துக்கு ஓர் ஆணைக்குழு, சென்னை நகருக்குத் தனியே ஒன்று. மாவட்ட நூலக அலுவலர் அதன் செயலாளர். அதன் கீழே மாவட்ட மைய நூலகம், கிளை நூலகங்கள், ஊர்ப்புற நூலகங்கள், காலையிலோ மாலையிலோ சில மணி நேரம் மட்டும் திறக்கும் பகுதி நேர நூலகங்கள். எல்லாம் சேர்ந்து மாநிலத்தில் நான்காயிரத்துக்கும் மேல். மேலே பொது நூலக இயக்ககம். முன்பு கல்வி இயக்ககத்துக்குள்ளேயே அடங்கியிருந்த இது 1972இல் தனி இயக்ககமானது.

ஏட்டில் இருக்கும் இந்த அமைப்புக்கும் நடப்புக்கும் இடையே இரண்டு ஓட்டைகள். முதலாவது, வசூலித்த வரியை உள்ளாட்சிகள் உரிய காலத்தில் கட்டாமல் நிலுவை வைப்பது. இது பழைய நோய். மக்களிடம் நூலகத்தின் பெயரைச் சொல்லி வாங்கிய காசு வேறு கணக்கில் தூங்கும்போது, கிளை நூலகத்தில் மின்விசிறி சுற்றாமல் நிற்கும். இரண்டாவது எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. ஆணைக்குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் பொதுமக்கள் சார்பில் நியமிக்கப்படுகிறவர்களும் இருக்க வேண்டும் என்பதே சட்டத்தின் எண்ணம். நடைமுறையில் அந்த இடங்கள் காலியாகவே கிடக்க, அதிகாரிகளே தனி அலுவலராக இருந்து நிர்வகித்த காலம் மிக நீண்டது. வரி கட்டுகிறவர் பக்கத்து நாற்காலி காலி. கோப்பு மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது.

நாற்காலி காலியாக இருந்தால் என்ன குறை? புத்தகம் வாங்கிய முறையைப் பார்த்தால் தெரியும். நூலகங்களுக்கான நூல்களில் பெரும்பகுதி சென்னையில் மொத்தமாகத் தேர்வாகி வந்தது. பதிப்பாளர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘லைப்ரரி ஆர்டர்’. தமிழ்ப் பதிப்பகம் நடத்துகிறவரிடம் தொழில் எப்படி என்று கேட்டால், ஆர்டர் வந்ததா வரவில்லையா என்றுதான் பதில் தொடங்கும். விலையை நிர்ணயித்த விதம் இன்னும் சுவையானது. அட்டையில் அச்சிட்ட விலைக்கு அரசு நெடுங்காலமாக வாங்கவில்லை. பதினாறு பக்கம் ஒரு பாரம். பாரத்துக்கு இவ்வளவு என்று ஒரு விகிதம். பக்கத்துக்கு நான்கு வரியோடு மீதியெல்லாம் வெள்ளையாக விட்ட கவிதைப் புத்தகத்துக்கும், பத்தாண்டு உழைத்து அடிக்குறிப்போடு எழுதிய வரலாற்று நூலுக்கும் ஒரே அளவுகோல். எடை போட்டு வாங்குவதற்கு ஒரு படி மேல், அவ்வளவுதான். இதன் விளைவு அச்சகம் வரை போனது. கடைசிப் பாரம் நிறையாவிட்டால் எழுத்தளவைக் கொஞ்சம் பெரிதாக்குவது, பின்னால் விளம்பரப் பக்கம் சேர்ப்பது எல்லாம் பதிப்புத் தொழிலின் கைவேலைகள் ஆயின.

எனினும் இந்த ஆர்டரை ஒரேயடியாகப் பழிக்கவும் முடியாது. வெளிச்சந்தையில் முந்நூறு பிரதி விற்கத் திணறும் ஒரு நாட்டார் வழக்காற்று நூல், இந்த வழியாகத்தான் அறந்தாங்கிக்கும் அரூருக்கும் போய்ச் சேருகிறது. என் புகார் வேறு. மீன்பிடி ஊரின் நூலகத்துக்கும் மலைக்கிராமத்து நூலகத்துக்கும் ஒரே பட்டியலில் இருந்து கட்டுகள் வந்துகொண்டிருந்தன. எங்கள் ஊருக்கு இது வேண்டும் என்று சொல்லும் குரல் மாவட்ட அளவிலாவது இருந்திருந்தால், பட்டியல் இவ்வளவு ஒரே மாதிரி இருந்திருக்காது.

நிர்வாகம் என்ற சொல் சலிப்பூட்டலாம். அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே சாட்சி உண்டு. 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் எழுந்தது. ஐந்தாண்டுகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளைத் தொட்ட திட்டம். நல்ல கட்டடங்கள், அலமாரிகள், முதல் தவணைப் புத்தகங்கள். ஆனால் இவை ஊராட்சியின் பொறுப்பில் விடப்பட்டவை. நூலகச் சட்டத்தின் குடைக்குள் வரவில்லை. முறையான நூலகர் இல்லை, ஆண்டுதோறும் புது நூல் வர வழி இல்லை. பல ஊர்களில் பூட்டுத் துருப்பிடித்தது, கட்டடம் ரேஷன் கடைக்கோ கிடங்குக்கோ பயன்பட்டது. பிறகு சில ஊர்களில் பழுதுபார்த்துத் திறந்திருக்கிறார்கள். கட்டடம் பூட்டிக் கிடந்த ஊரிலேயே தகர ஷெட்டில் இயங்கிய பழைய ஊர்ப்புற நூலகம், குறைந்த சம்பளத்துக்கு உழைக்கும் ஒரு நூலகரின் தயவில் நாள் தவறாமல் திறந்துகொண்டிருக்கும். அந்த ஊர்ப்புற நூலகர்கள் காலமுறை ஊதியம் கேட்டு நடத்திய போராட்டம் தனிக் கட்டுரைக்கு உரியது.

பக்கத்தில் கேரளம் வேறு வழியில் போனது. அங்கே நூலகத்தை முதலில் தொடங்கியவர்கள் ஊர்க்காரர்கள். பி.என். பணிக்கர் 1945இல் திருவிதாங்கூரின் வாசகசாலைகளை ஒரு சங்கமாகக் கட்டினார். 1989இல் வந்த சட்டம் அந்தச் சங்கத்தின் இடத்தில் மாநில நூலகக் கவுன்சிலை வைத்தது. நூலகத்தின் உறுப்பினர்கள் நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தாலுகா, மாவட்டம், மாநிலம் என்று பிரதிநிதிகள் மேலே போகிறார்கள். நூலகத் தேர்தலில் கட்சிச் சண்டை நடக்கும் என்று குறை சொல்வார்கள். சண்டை போடும் அளவுக்கு நூலகம் முக்கியம் என்றும் அதைப் படிக்கலாம். ஆனால் அங்கே பெரும்பாலான நூலகருக்குக் கிடைப்பது மதிப்பூதியம்தான். நம்மிடம் துறையும் பதவியும் பலம், வாசகரின் வாக்கு பலவீனம், அவர்களிடம் தலைகீழ்.

வாசகருக்கு வாக்கு இல்லாத இடத்தில் நீதிமன்றம்தான் வழி என்பதை 2011இல் பார்த்தோம். அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில் கோட்டூர்புரத்தில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அரசு அறிவித்தது. பிரெயில் பிரிவும் குழந்தைகள் தளமும் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பவர்களுக்கான கூடமும் கொண்ட நூலகம் அது. வழக்குப் போட்டவர்களால் உயர் நீதிமன்றத் தடை கிடைத்தது, நூலகம் நிலைத்தது. 2023இல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு அந்தக் கதி நேராது என்று நம்புவோம்.

பெரிய நூலகங்களை விட்டுவிட்டு ஒரு கிளை நூலகத்துக்குள் வாருங்கள். ஞாயிறு காலை நல்ல நேரம். மற்ற அலுவலகம் மூடியிருக்கும் நாளில் இது திறந்திருக்க வேண்டும் என்பதால், பொதுவாக வார விடுமுறை வெள்ளிக்கிழமைக்குப் போயிருக்கிறது. வாசலில் மேசைமேல் வருகைப் பதிவேடு, நூலில் கட்டிய பேனா. அதில் கையெழுத்துப் போடாமல் போகாதீர்கள். இன்று எத்தனை பேர் வந்தார்கள் என்று நூலகர் மேலே கணக்குக் காட்டுவது அதை வைத்துத்தான். சுவரில் புரவலர் பலகை. ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புரவலரான மளிகைக்கடைக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியை, யாரோ ஒருவரின் மறைந்த தந்தை பெயர்கள் வெள்ளைப் பெயிண்டில் இருக்கும். கூடுதல் நாற்காலியோ தண்ணீர் வடிகட்டியோ தேவைப்பட்டால், கோப்பு மாவட்டத்துக்குப் போய்வரும் முன்பே, அந்த நூலகத்தின் வாசகர்களே கூடி அமைத்த வாசகர் வட்டத்தார் வாங்கிப் போட்டுவிடுவார்கள். புத்தகங்களைப் பையில் எடுத்துக்கொண்டு, நடக்க முடியாத முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கே போகும் ‘நூலக நண்பர்கள்’ என்ற தன்னார்வலர்களும் இப்போது உண்டு.

காலை எட்டு, ஒன்பது மணிக்கு நாளிதழ் மேசை முதியவர்களுடையது. ஒரே தாளை நான்காகப் பிரித்து, விளையாட்டுப் பக்கம் ஒருவர், அரசியல் ஒருவர் என்று கை மாறும். பத்து மணிக்கு மேல் பையும் தண்ணீர் பாட்டிலுமாக டிஎன்பிஎஸ்சி தேர்வு எழுதும் பிள்ளைகள் வந்து சேருவார்கள். அவர்களில் பலர் அலமாரிப் பக்கமே போவதில்லை. அவர்களுக்குத் தேவை மேசை, வெளிச்சம், வீட்டில் கிடைக்காத அமைதி. பகலெல்லாம் வேலையும் வகுப்புமாக இருந்து, ஊர் இருட்டும் முன் வீடு திரும்ப வேண்டிய பெண்களுக்கு அந்த அமைதி இன்னும் அருமை. விடுமுறை நாளில் சிறுவர்கள் வந்தால் அமைதி போய்விடும். நாளிதழை உரக்கப் படிக்கும் தாத்தாவுக்கும் கணக்குப் போடும் பெண்ணுக்கும் படக்கதை கேட்டு அடம்பிடிக்கும் சிறுவனுக்கும் இருப்பது ஒரே கூடம்.

நூலக அறிவியலுக்கு ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளில் வாசகருக்கு அவர் நூலும் நூலுக்கு அதன் வாசகரும் கிடைக்கச் சொல்லும் விதிகள் உண்டு. நாற்காலியை யாருக்குக் கொடுப்பது என்று விதி இல்லை. அதை அன்றாடம் தீர்த்துவைப்பவர் நூலகர். தாத்தாக்களைத் தாழ்வாரத்துக்கு நகர்த்துவார், பிள்ளைகளுக்கு மூலை மேசையை ஒதுக்குவார், சிறுவர்களுக்கு ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கதை நேரம் வைத்து மற்ற நேரத்தை அமைதிக்கு விடுவார். சில ஊர்களில் வாசகர் வட்டம் கூடிப் பேசி இந்த நேரங்களை எழுதிச் சுவரில் ஒட்டுகிறது. உங்கள் ஊரில் அந்தக் கூட்டம் எந்த மாதம், எந்தத் தேதி என்று நூலகரைக் கேட்டுப் பாருங்கள். அப்படி ஒன்று நடப்பதே இல்லை என்று அவர் சொன்னால், அதைக் கூட்டச் சொல்லவும் வரி கட்டுகிறவருக்கு உரிமை உண்டு.