பல் சிகிச்சைப் பொருள்களுக்கு ஒரு குறியீட்டுக் காவல்

பல் சிகிச்சை நாற்காலியில் நீங்கள் அமர்ந்த பின், சிகிச்சை தொடங்குமுன், உதவியாளர் ஒருவர் கையடக்கக் கருவியொன்றை மருந்துப் பெட்டியின் மீதும் கருவிகள் அடங்கிய உறையின் மீதும் காட்டுவதைக் கவனித்திருக்கலாம். "கட்டணம் போடுவதற்காகவா?" என்று பலர் எங்களிடம் கேட்பதுண்டு. கடைகளில் கண்டு பழகிய கருவி என்பதால் அந்த ஐயம் இயல்பானதே. ஆனால் இங்கு அதன் முதன்மையான வேலை வேறு. உங்களுக்குப் பயன்படுத்தப்படும் பொருள் எது, எந்தத் தொகுதியில் தயாரானது, அதன் காலக்கெடு எப்போது என்பவற்றைச் சரிபார்த்து உங்கள் மருத்துவப் பதிவேட்டில் சேர்ப்பதற்காகவே அது பயன்படுகிறது.

பொருள்கள் பல, காலக்கெடுவும் பல

பல் மருத்துவம் சின்னஞ்சிறு பொருள்களை நம்பி நடப்பது. ஒரு சொத்தைப் பல்லை அடைப்பதற்கே மரப்பு மருந்து, ஊசி, கையுறை, பல்லின் பரப்பைப் பதப்படுத்தும் அமிலக் கூழ், ஒட்டுப்பசை, அடைப்புப் பொருள் எனப் பல தேவைப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காலக்கெடு உண்டு. சிலவற்றைக் குளிர்பதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

காலக்கெடு கடந்தால் என்ன ஆகும்? மரப்பு ஊசியில் லிக்னோகெயினுடன் அட்ரினலின் சேர்க்கப்படுவது வழக்கம். அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி, மரப்பு மருந்து அதே இடத்தில் நெடுநேரம் நிற்க உதவுகிறது. நாள்பட்டாலும் வெப்பம் பட்டாலும் அட்ரினலின் வீரியம் குறையும். மரப்பு விரைவில் தெளிந்துவிடும். அதன் விளைவைச் சிகிச்சையின் நடுவே வலியாக உணர்பவர் நோயாளியே. ஒட்டுப்பசை கெட்டுப்போனால் அடைப்பு பல்லைச் சரிவரப் பற்றாது. இடைவெளியில் கசிவு ஏற்பட்டு மீண்டும் சொத்தை விழ வழி உண்டாகும்.

கட்டத்தினுள் என்ன இருக்கிறது?

கடைப் பொருள்களின் பட்டைக்குறியீடு முதன்முதலாக 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், ஒரு கடையில் விற்கப்பட்ட சூயிங்கம் பொட்டலத்தின் மீது வாசிக்கப்பட்டது. இன்று கட்டணம் செலுத்த நாம் பயன்படுத்தும் கியூஆர் குறியீடு, 1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் வாகன உதிரிப்பாகங்களைக் கணக்கிடுவதற்காக உருவானது. மருத்துவப் பொருள்களின் மீது பெரும்பாலும் காணப்படுவது, அதனினும் சிறிய இடத்தில் அடங்கும் 'டேட்டா மேட்ரிக்ஸ்' என்னும் புள்ளிக் கட்டம்.

அக்கட்டத்தின் அருகே அச்சிடப்பட்ட எண்களை நீங்களும் படிக்கலாம். அடைப்புக்குறிக்குள் 01 என்றிருந்தால் அதனை அடுத்து வருவது பொருளின் அடையாள எண். 10 என்றிருந்தால் தொகுதி எண். 17 என்றிருந்தால் காலாவதித் தேதி. அத்தேதி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் அமைந்திருக்கும். காட்டாக, (17)270331 என்பது 2027 மார்ச் 31-ஐக் குறிக்கும்.

இருப்பும் சிகிச்சையும்

பொருள் வந்து சேர்ந்ததும் ஒரு முறை, பயன்பாட்டிற்கு எடுக்கும்போது ஒரு முறை அதன் குறியீட்டை வாசிக்கிறோம். இருப்பு குறிப்பிட்ட அளவுக்குக் கீழ் இறங்கினால் கணினி அறிவுறுத்தும். வேர்ச் சிகிச்சைக்காக வெளியூரிலிருந்து விடுப்பு எடுத்து வரும் ஒருவரை, பொருள் இல்லை என்று திருப்பி அனுப்ப நேராமல் இருக்க இது உதவுகிறது. அளவுக்கு மீறி வாங்கி அலமாரியில் காலாவதியாக விடுவதும் தவிர்க்கப்படுகிறது. முதலில் காலக்கெடு முடியும் பொருளை முதலில் எடுப்பது என்பதே இங்கு விதி.

உற்பத்தியாளர் ஒரு தொகுதியைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தால், அத்தொகுதி எவர் எவருக்குப் பயன்பட்டது என்பதைப் பதிவேடு காட்டிவிடும். காகிதக் குறிப்பேடுகளைப் புரட்டித் தேடும் காலம் மிச்சமாகிறது. உரியவரை உடனே அழைத்துப் பரிசோதிக்க இயல்கிறது.

கருவி உறைகளுக்கும் இதே முறை பொருந்தும். நீராவி அழுத்தக் கலனில் கிருமிநீக்கம் செய்யப்பட்ட ஒவ்வோர் உறைக்கும் குறியீடு ஒட்டப்படுகிறது. எந்தக் கலன், எந்த நாள், எத்தனையாவது சுற்று என்பது அதிலிருந்து தெரியும். ஒரு சுற்றில் குறை இருந்ததாகச் சோதனையில் தெரியவந்தால், அச்சுற்றின் உறைகளை மட்டும் பிரித்தெடுத்துவிட முடியும்.

குறியீடு அறியாதவை

குறியீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கில்லை. பெட்டி வெயிலில் கிடந்ததா, உறை கிழிந்து ஈரம் புகுந்ததா என்பதை அது அறியாது. உறையின் மீதுள்ள நிறம் மாறும் அடையாளத்தையும் மருந்தின் தெளிவையும் மனிதக் கண்கள்தாம் பார்க்க வேண்டும். வாசிக்க மறந்த பொருள் பதிவேட்டில் ஏறாது. உங்கள் ஒவ்வாமையும் நீங்கள் கூறினாலன்றி எந்தக் கருவிக்கும் தெரியாது.

நீங்கள் செய்யக்கூடியவை

• கருவி உறை உங்கள் முன்னிலையில் பிரிக்கப்படுகிறதா என்று பாருங்கள். தயக்கமின்றிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

• செயற்கைப் பல்வேர் பொருத்தப்பட்டவர்கள், அதன் நிறுவனப் பெயர், அளவு, தொகுதி எண் அடங்கிய ஒட்டுச்சீட்டையோ அட்டையையோ கேட்டுப் பெற்றுப் பாதுகாத்து வையுங்கள். நிறுவனத்திற்கு நிறுவனம் அதன் திருகுகள் வேறுபடும். பல ஆண்டுகள் கழித்து வேறோர் ஊரில் திருகு தளர்ந்தால், அங்குள்ள மருத்துவருக்கு அச்சீட்டே வழிகாட்டி. அதனைக் கைபேசியில் படமெடுத்துக் குடும்பத்தார் ஒருவருக்கும் அனுப்பி வைப்பது நலம்.

• மருந்து, ரப்பர் கையுறை முதலியவற்றால் ஒவ்வாமை இருந்தால் ஒவ்வொரு வருகையிலும் சொல்லுங்கள். முதியோருக்கும் சிறுவருக்கும் உடன் வருவோர் இதனை நினைவூட்டலாம்.

• இந்தியாவில் 2023 ஆகஸ்ட் 1 முதல், அரசு பட்டியலிட்ட 300 மருந்து வணிகப் பெயர்களின் உறைகளில் பட்டைக்குறியீடோ கியூஆர் குறியீடோ கட்டாயமாக்கப்பட்டுள்ளது. நீங்கள் வாங்கும் மருந்தில் அது இருந்தால் கைபேசியால் வாசித்து, தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அட்டையில் உள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா எனச் சரிபாருங்கள். ஒத்துவராவிட்டால் உட்கொள்ளாமல், மருந்தாளுநரிடம் காட்டுங்கள்.

பொருளின் மீதுள்ள குறியீட்டில் உங்கள் பெயரோ நோய் விவரமோ இராது. அவை மருத்துவப் பதிவேட்டில் மட்டுமே உள்ளன. அடுத்த முறை வரும்போது, உங்களுக்குப் பயன்படுத்திய பொருள்களின் விவரத்தை அறிய விரும்பினால் எங்களிடம் கேளுங்கள். பதிவேட்டைப் பார்த்துச் சொல்வோம்.