பெயரில் மட்டும் வயல்

ஆனேக்கல்லில் நாங்கள் மனை வாங்கியபோது பக்கத்து நிலத்தில் ராகியும் ஊடுபயிராக அவரையும் இருந்தன. மார்கழி வந்தால் நிலத்துக்காரர் ஒரு கூடை அவரைக்காய் கொடுத்தனுப்புவார். இன்று அங்கே சரக்குக் கிடங்கு நிற்கிறது. அவர் மகன் சந்தாபுராவில் வாடகைக் கார் ஓட்டுகிறார். என் மனையும் ஒரு காலத்தில் ராகிக் கொல்லைதான். ஆகவே யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

சென்ற மாதம் உறவினர் வீட்டுத் திருமணத்துக்காகத் தொம்மசந்திரா, வர்த்தூர் வழியாக ஒயிட்ஃபீல்டு போனோம். சென்னை ரயிலில் அந்த நிலையத்தைத் தாண்டாதவர் நம்மில் இருக்க முடியாது. ஆனால் அது விவசாயக் குடியேற்றமாகப் பிறந்த ஊர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

1882-ல் மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார், யுரேஷிய ஆங்கிலோ-இந்தியர் சங்கத்துக்கு 3,900 ஏக்கர் வழங்கினார். முன்னின்றவர் சென்னையில் வாழ்ந்த டி.எஸ். ஒயிட். ஊரின் பெயர் அவருடையதே. வெள்ளை நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சர்க்கார் உத்தியோகத்தையே நம்பியிருந்த தம் மக்கள் சொந்த மண்ணில் காலூன்ற வேண்டும் என்று ஆசைப்பட்டார் அவர். நடுவே வட்டமான திடல், அதைச் சுற்றித் தோட்டத்துடன் ஓட்டு வீடுகள் என்று ஊர் எழுந்தது. 'இன்னர் சர்க்கிள்' என்ற அந்த வட்டம் இன்றும் இருக்கிறது.

ஆனால் அது வானம் பார்த்த பூமி. வந்தவர்களுக்குக் கையில் முதல் குறைவு, ஏர் பிடித்த பழக்கமும் இல்லை. பிள்ளைகள் ரயில்வே, தபால் தந்தி என்று மறுபடி உத்தியோகத்துக்கே போனார்கள். 1947-க்குப் பின் பல குடும்பங்கள் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறின. ராஞ்சிக்கு அருகே 1933-ல் தொடங்கிய மெக்கிளஸ்கிகஞ்சுக்கும் இதே கதிதான். ஓய்வுபெற்றவர்களின் அமைதியான ஊராகக் கிடந்த ஒயிட்ஃபீல்டுக்கு 1990-களில் மென்பொருள் பூங்கா வந்தது. அதன் பிறகு நடந்தது நமக்கெல்லாம் தெரியும். அங்கே வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் நம் வீட்டுப் பிள்ளைகள்தானே!

வட்டத்தின் ஓரம் காரை நிறுத்தி, பழைய ஓட்டு வீடு ஒன்றைப் பேத்திக்குக் காட்டினேன்.

"பேர்ல ஃபீல்டு இருக்கே, அது எங்க தாத்தா?" என்றாள்.

நான் சொல்லத் தொடங்குவதற்குள் பின்னாலிருந்தவர் ஹாரன் அடித்தார், கிளம்பிவிட்டோம்.

ஆனேக்கல் வட்டத்தில் பொம்மசந்திரா வரை 2025 ஆகஸ்டில் மெட்ரோ வந்துவிட்டது. அன்று மாலை வீடு திரும்பியபோது, எங்கள் தெருமுனையில் மிச்சமிருந்த ராகிக் கொல்லையில் மனைக்கல் நட்டிருந்தார்கள். அறுவடை முடியக்கூடக் காத்திருக்கவில்லை.