கேட்ச் பிடித்தால் திரும்பி ஓடு: சோஃப்ட்பால் திடலில் பெற்றோரைக் குழப்பும் விதி

அலோர் ஸ்டார் வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு அங்கே புதிதாக அறிமுகமாகும் விளையாட்டுகளில் ஒன்று சோஃப்ட்பால். பேஸ்பாலின் தங்கை என்று சொல்லலாம். மலேசியப் பள்ளிகள் விளையாட்டு மன்றத்தின் போட்டிகளிலும் இது உண்டு. ஆனால் திடலோரம் நிற்கும் பெற்றோருக்குத் தெரிந்தது காற்பந்தும் கிரிக்கெட்டும்தான். அங்கேதான் சிக்கல்.

மகள் மூன்றாம் பேஸில் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் குழுவைச் சேர்ந்தவர் அடித்த பந்து உயரே எழும்புகிறது. "ஓடு, ஓடு" என்று அப்பா கத்துகிறார். அவளும் ஓடி ஹோம் பிளேட்டைத் தொட்டுவிடுகிறாள். பந்தைப் பிடித்த எதிரணியினர் அதை மூன்றாம் பேஸுக்கு வீசுகிறார்கள். மகள் அவுட், ரன்னும் இல்லை. நடுவர் மீது கோபம் வருகிறது. ஆனால் நடுவர் சொன்னதுதான் சரி.

கிரிக்கெட்டில் கேட்ச் பிடித்தால் அந்தப் பந்தின் கதை அதோடு முடிந்தது. சோஃப்ட்பாலிலும் பேஸ்பாலிலும் ஆட்டம் தொடரும். அடித்தவர் அவுட். பேஸில் இருந்தவர்கள், பந்து வீசப்பட்டபோது எந்தப் பேஸில் இருந்தார்களோ அதைத் திரும்பத் தொட்ட பிறகே முன்னேறலாம். அதற்குள் பந்து அந்தப் பேஸுக்கு வந்துவிட்டால் அவர்களும் அவுட். அவர்கள் உடம்பில் பந்து படவேண்டும் என்றுகூட இல்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பேஸை மிதித்தால் போதும்.

எப்போது கிளம்பலாம்? பந்து பிடிப்பவரின் கையில் முதலில் பட்ட நொடியில். முழுதாகப் பிடித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இல்லாவிட்டால் பந்தைக் கைக்குக் கை தட்டிக்கொண்டே ஓடிவந்து, பேஸில் நிற்பவரை நகரவிடாமல் செய்துவிடுவார்கள்!

ஒருவர் இரண்டாம் பேஸைத் தாண்டிப் போய்விட்டு முதல் பேஸுக்குத் திரும்ப வேண்டுமானால், வழியில் இரண்டாம் பேஸை மறுபடி தொட்டே வரவேண்டும். குறுக்கே ஓடி வரக்கூடாது. யாரும் பிடிக்காத ஃபவுல் பந்தென்றால் இந்த அவசரம் எதுவும் இல்லை. ஆட்டம் நின்றுவிடும், நிதானமாக நடந்தே திரும்பலாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: சீக்கிரம் கிளம்பியதை நடுவர் பார்த்திருந்தாலும் தானாக வாய் திறக்கமாட்டார். எதிரணிதான் முறையிட வேண்டும். அதுவும் அடுத்த பந்து வீசப்படுவதற்கு முன். கேட்கத் தெரியாத குழுவுக்கு அந்த அவுட் கிடைக்காது.

பந்து வீச்சாளர் கையை விட்டுப் பந்து போகும் முன்பே பேஸை விட்டு நகர்வது வேறு கதை. பேஸ்பாலில் அதற்குத் தடையில்லை. சோஃப்ட்பாலில் யாரும் கேட்காமலேயே நடுவர் அவுட் கொடுப்பார். 2019 மார்ச் 25-இல் ஜெய்ப்பூரில் நடந்த ஐ.பி.எல். ஆட்டத்தில், பந்து வீசும் முன்பே கோட்டைத் தாண்டிய ஜோஸ் பட்லரை நம் அஸ்வின் ரன் அவுட் ஆக்கியபோது எத்தனை சண்டை! சோஃப்ட்பாலில் அந்த விவாதத்துக்கே இடமில்லை.

அனுபவசாலிகளும் இந்த விதியில் மாட்டுவதுண்டு. 2006 அக்டோபர் 19, நியூயார்க். கார்டினல்ஸ் குழுவின் ஸ்காட் ரோலன் அடித்த பந்து வேலியைத் தாண்டிப் போனது. மெட்ஸ் ஆட்டக்காரர் எண்டி சாவேஸ் எம்பி, வேலிக்கு மேலே கையை நீட்டிப் பிடித்துவிட்டார். இது பிடிபடாது என்று நம்பி முதல் பேஸிலிருந்து வெகுதூரம் ஓடியிருந்த ஜிம் எட்மண்ட்ஸ் திரும்புவதற்குள் பந்து அங்கே போய்ச் சேர்ந்தது. ஒரே பந்தில் இரண்டு அவுட்.

ஆகவே, அடுத்த முறை திடலில் கத்துவதற்கு முன் எத்தனை அவுட் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு அவுட் என்றால் அடித்தவுடன் ஓடச் சொல்லலாம். பிடித்தால் அந்தச் சுற்றே முடிந்துவிடும், திரும்பும் பேச்சே இல்லை. ஒன்றோ, எதுவும் இல்லையோ என்றால், பந்து எங்கே இறங்குகிறது என்று பார்க்க மகளை விட்டுவிடுங்கள்.